கொர்ஸோ தெருக் கடை (1965): டோனோ பிர்ட்கோவை என்னவென்று சொல்வது?

நிழல்வண்ணன்:

‘தி ஷாப் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ படத்தை நேற்று இரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 1965-இல் வந்த செக்கோஸ்லோவாகியப் படம், யான் காதாரும் எல்மார் க்ளோஸும் சேர்ந்து இயக்கியது. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு இந்த இழைக்கு வாருங்கள். கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன்.

காலம் 1942. ஜெர்மனியின் தயவில் இயங்கிய ஸ்லோவாக் நாட்டில் ஒரு சிற்றூர். டோனோ பிர்ட்கோ ஒரு தச்சன். கையில் வேலை இல்லை, வீட்டில் மனைவி எவெலினாவின் நச்சரிப்பு. அவனுடைய சகலை கொல்கோட்ஸ்கி, ஆளுங்கட்சியின் படையான ஹ்லிங்கா காவல்படையின் உள்ளூர்த் தலைவன். இருவருக்கும் ஆகாது. ஒருநாள் இரவு சகலை சாப்பாடும் சாராயமுமாக வீட்டுக்கு வந்து, உறவு கொண்டாடி, ஒரு தாளை நீட்டுகிறான். ரோசாலியா லவுட்மன் என்ற யூதக் கிழவியின் கடை இனி டோனோவின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது.

மறுநாள் தாளோடு கடைக்குப் போகிறான். பொத்தான், நூல், லேஸ் விற்கும் கடை. கிழவிக்குக் காது சரியாகக் கேட்காது. ஊரில் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. இவன் கத்திக் கத்திச் சொல்கிறான், அவளுக்கு ஏறவே இல்லை. கடைசியில், நமக்கு ஒத்தாசைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறாள். நாம் சிரிக்கிறோம். முதல் முறை பார்த்தபோது நானும் நன்றாகவே சிரித்தேன்.

இம்முறை அந்தச் சிரிப்பு வரவில்லை. அவன் கையில் இருக்கும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். துப்பாக்கியால் ஒரு மணி நேரத்தில் நடக்கக்கூடியதை, முத்திரை வைத்த ஒரு தாள் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டு செய்கிறது. படம் முழுக்க டோனோ அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கிழவிக்கு நல்லவனாக மாறுகிறான், மேஜை நாற்காலியைப் பழுது பார்த்துத் தருகிறான், அவள் மேல் உண்மையான பாசம் வருகிறது. ஆனாலும் தாள் அவனிடமேதான் இருக்கிறது.

இதைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?


ஊர்க்குருவி:

அண்ணா, நான் போன வாரம்தான் பார்த்தேன். முடிந்த பிறகு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் டோனோவை இவ்வளவு கடுமையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒரு ஏழை. படிப்பில்லாதவன். நாயோடு பேசிக்கொண்டு, வெந்நீரில் காலை ஊறப்போட்டுக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவன். சகலை வீட்டுக்கு வந்து குடிக்கும் காட்சியில் ஹிட்லர் மாதிரி நடித்துக் காட்டிக் கேலி செய்கிறானே, அவனுக்கு அந்தக் கூட்டத்தின் மேல் எந்த மதிப்பும் இல்லை. காலம் அவனைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டது. அவன் வாங்காவிட்டால் அந்தத் தாள் இன்னொருவன் கைக்குப் போயிருக்கும், அவன் கிழவியைத் தெருவில் தள்ளியிருப்பான்.


கணக்கர்:

படத்தில் கொஞ்ச நேரமே வரும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

டோனோவுக்குக் கிடைத்த பதவிக்கு ஸ்லோவாக் மொழியில் ‘அரிசாட்டர்’ என்று பெயர். ‘ஆரியமயமாக்குபவர்’ என்று பொருள். (நம் அரசியலில் ஆரியர் என்ற சொல்லுக்கு வேறு சுமை இருக்கிறது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். யூதர் அல்லாதவர் என்பதுதான் நாஜிகளும் அவர்களைப் பின்பற்றியவர்களும் அதற்குக் கொடுத்த நடைமுறைப் பொருள்.) 1939 மார்ச்சில் ஸ்லோவாக்கியா தனி நாடானது. குடியரசுத் தலைவர் யோசெஃப் டிசோ, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1940-இல் யூதர்களின் வணிகத்தைப் பறிக்கச் சட்டங்கள் வந்தன. 1941 செப்டம்பரில் ‘யூதச் சட்டத்தொகுப்பு’ என்ற நீண்ட ஆணை வந்தது. சட்டைக்கு வெளியே மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கொள்வது வரை அதில் இருந்தது.

சுமார் ஓர் ஆண்டுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களின் கடைகளும் தொழில்களும் இழுத்து மூடப்பட்டன. இரண்டாயிரத்துச் சொச்சம் இப்படிக் கைமாறின. லாபம் தரும் நிறுவனங்கள் செல்வாக்கு உள்ளவர்களுக்குப் போயின. ஒன்றுமில்லாத கடைகள் டோனோ மாதிரி ஆட்களுக்கு வந்தன. லவுட்மன் கடையில் விற்பதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கடை என்றைக்கோ நொடித்துப்போய், ஊர் யூதர்கள் சேர்ந்து கொடுக்கும் பணத்தில்தான் கிழவி பிழைக்கிறாள். சகலை இவனுக்குக் கொடுத்தது வெறும் ஓட்டாண்டிக் கடை.

அப்புறம்தான் குச்சார் என்பவர் வந்து ஏற்பாடு செய்கிறார். யூதச் சமூகம் டோனோவுக்குச் சம்பளம் தரும், அவன் கிழவியை அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஊர்க்குருவி, நீங்கள் சொன்ன அதே காரணம்தான் அவர்களுக்கும்: இவன் போனால் இவனைவிட மோசமானவன் வருவான். அவர்கள் பக்கம் அந்தக் கணக்கு சரி. டோனோ பக்கம் என்ன நடக்கிறது பாருங்கள். நல்லவனாக இருப்பதற்கு, நசுக்கப்படும் ஆட்களிடமே கூலி வாங்குகிறான். அந்தக் கூலியை வீட்டுக்குக் கொண்டுபோனதும் எவெலினா முகம் மலர்கிறது. அந்த முகமலர்ச்சி அவனுக்கும் பிடித்திருக்கிறது.


செவ்வந்தி:

படத்தைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இங்கே சொல்லாவிட்டால் வேறு எங்கே சொல்வது.

இதுவரை மூன்று பேர் எழுதிவிட்டீர்கள், மூன்றும் டோனோவைப் பற்றி. படமும் அப்படித்தான். சாகப்போவது யூதர்கள், மனசாட்சியோடு போராடுவது கிறிஸ்தவத் தச்சன். கிழவிக்கு ஏன் காது கேட்கக் கூடாது? ஏன் வெளியே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியக் கூடாது? அவளுக்குத் தெரிந்திருந்தால் அவளும் ஒரு முடிவு எடுத்திருப்பாள். கோபப்பட்டிருப்பாள், பேரம் பேசியிருப்பாள், ஓடியிருப்பாள். அதற்கெல்லாம் இடம் கொடுக்காமல், அன்பான, அப்பாவியான, சப்பாத் என்ற யூத ஓய்வுநாளுக்கு மீன் சமைத்துப் போடுகிற பாட்டியாக அவளை ஆக்கிவிட்டார்கள். நல்ல பாட்டியாக இருந்தால்தான் நாம் அழுவோமா? சிடுசிடுப்பான, கஞ்சத்தனமான ஒரு கிழவியைக் கொன்றாலும் அது அதே கொலைதானே?

நடிகையைக் குறை சொல்லவில்லை. ஈடா கமின்ஸ்காவை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். கதையை எழுதியவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம்.


நிழல்வண்ணன்:

நியாயமான கேள்வி, செவ்வந்தி. நான் இதை யோசித்ததே இல்லை. ஆனால் கிழவி ஒன்றுமறியாதவள் என்பதில் முழுக்க உடன்பட முடியவில்லை. கடைசி நாளில் அவள் சொல்லும் அந்த ஒரு சொல்லை நினைவுபடுத்திப் பாருங்கள்.

சதுக்கத்தில் யூதர்களை மூட்டை முடிச்சுகளோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஒலிபெருக்கியில் அகர வரிசைப்படி ஒவ்வொரு பெயராக வாசிக்கிறார்கள். டோனோ கடைக்குள் குடித்துக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். லவுட்மன் என்ற பெயர் வரவில்லை. மறந்துவிட்டார்களா? அல்லது இது சகலை வைத்த பொறியா, கிழவியை ஒளித்து வைத்தவன் என்று நம்மைப் பிடிக்கவா? ஏற்கெனவே குச்சாரை ரத்தம் வழிய அடித்து, ‘வெள்ளை யூதன்’ (யூதருக்கு உதவும் யூதரல்லாதவன்) என்று முத்திரை குத்தி ஊர் பார்க்க வைத்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் இவன் ஒரு நிமிடம் அவளை ஒளிந்துகொள் என்கிறான், அடுத்த நிமிடம் வெளியே போ என்று தள்ளுகிறான். அவளுக்கு இவன் ஏன் இப்படி ஆடுகிறான் என்று புரியவில்லை. பிறகு வெளியே எட்டிப் பார்க்கிறாள். பார்த்ததும் ‘போக்ரோம்’ என்கிறாள்.

அந்தச் சொல் அவளுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அவள் தலைமுறைக்கு அது பாட்டி சொன்ன கதையில் வரும் சொல்: குடித்துவிட்டு வரும் கும்பல், உடைபடும் கதவு, இரண்டு நாள் கொள்ளை, அப்புறம் பிழைத்தவர்கள் வெளியே வந்து கண்ணாடிச் சில்லைக் கூட்டுவார்கள். ஆனால் இப்போது சதுக்கத்தில் நடப்பது அது இல்லை. பட்டியல் இருக்கிறது, அகர வரிசை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, வரிசையாக நிற்க இடம் இருக்கிறது. இதற்கு அவளிடம் சொல் கிடையாது. அப்போது யாரிடமும் கிடையாது. இருந்த சொற்களிலேயே மோசமானதை எடுத்து அவள் சொல்கிறாள்.


தச்சுப்பட்டறை:

எங்கள் அப்பா தச்சர், நானும் அந்த வேலைதான். சினிமா பற்றி உங்கள் அளவுக்குப் பேச வராது. ஆனால் டோனோவாக நடித்த யோசெஃப் க்ரோனரின் கையைப் பார்த்தீர்களா என்று கேட்கத் தோன்றியது.

கடைக்குள் வந்த முதல் நாளில் அந்தக் கை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறது. பொத்தான், ஊசி எல்லாம் அந்தக் கைக்கு அளவில் சேராது. கிழவியின் வீட்டு மரச்சாமான்களைச் சரிசெய்ய ஆரம்பித்ததும்தான் அந்த ஆள் நிமிர்கிறார். வேலை கிடைக்காத தச்சனுக்கு நல்ல மரம் கையில் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிழவி தன் இறந்துபோன கணவரின் கோட்டையும் தொப்பியையும் கொடுத்ததைவிட, தன் பழைய மேஜையை இவனை நம்பிக் கொடுத்ததுதான் இவனை மாற்றியது என்பது என் எண்ணம்.

அதே நேரத்தில் ஊர்ச் சதுக்கத்தில் ஒரு பெரிய மரக்கோபுரம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. காவல்படையின் பெருமைக்காக. பிரமிடு மாதிரி, உச்சியில் எழுத்து வைத்து. எதற்கும் உதவாத பொருள். அவ்வளவு மரத்தைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் கோபுரத்தின் கீழேதான் கடைசியில் அந்த ஜனங்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.


ஊர்க்குருவி:

தச்சுப்பட்டறை ஐயா, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். நன்றி.

கணக்கர் சாரிடம் ஒரு கேள்வி. அந்த ரயில்கள் எங்கே போகின்றன என்று அந்த ஊர் மக்களுக்குத் தெரியுமா? படத்தில் வேலை முகாம் என்றுதானே பேசிக்கொள்கிறார்கள்.


கணக்கர்:

வேலைக்கு என்றுதான் அரசு சொன்னது. முதல் ரயில் 1942 மார்ச் 25 அன்று போப்ராட் என்ற ஊரிலிருந்து கிளம்பியது. அதில் இருந்தது சுமார் ஆயிரம் பேர், எல்லாருமே திருமணமாகாத இளம் பெண்கள். பல பேர் பதின்ம வயதுப் பெண்கள். சில மாதம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று நம்பி, பெற்றோர் பெட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். ரயில் போய் நின்ற இடம் ஆஷ்விட்ஸ், நாஜிகளின் கொலை முகாம். ஏப்ரலில் இருந்து குடும்பம் குடும்பமாக ஏற்றினார்கள். கைக்குழந்தையையும் லவுட்மன் வயதுக் கிழவியையும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அதற்குப் பிறகும் யாராவது நம்பியிருந்தால், நம்ப விரும்பி நம்பியிருக்க வேண்டும்.

அக்டோபர் வரை சுமார் 58,000 பேர். போர் முடிந்தபோது அவர்களில் ஆயிரம் பேர்கூட உயிரோடு இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிழல்வண்ணன் சொன்ன தாள் இங்கேயும் வருகிறது. நாடு கடத்தப்படும் ஒவ்வொருவருக்கும் 500 ரைஷ்மார்க் வீதம் ஜெர்மனிக்குக் கொடுக்க ஸ்லோவாக் அரசு ஒப்புக்கொண்டது. குடியேற்றச் செலவு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பதிலுக்கு இவர்கள் கேட்டது இரண்டு: போனவர்கள் திரும்பி வரக் கூடாது, அவர்கள் விட்டுப்போன சொத்தில் ஜெர்மனி பங்கு கேட்கக் கூடாது. 1942 மே மாதத்தில் நாடாளுமன்றம் நாடுகடத்தலைச் சட்டமாக்கி முடித்தது. அதற்குள் பல்லாயிரம் பேரை அனுப்பியாகிவிட்டது.

எவெலினாவை நினைத்துக்கொள்ளுங்கள். கிழவி தங்கம் ஒளித்து வைத்திருப்பாள், தேடு, தேடு என்று புருஷனை அரிக்கிறாளே. அவள் வீட்டுக்குள் கேட்டதை அரசு ஒப்பந்தமாக எழுதிக் கேட்டது.


இரவுக்காட்சி:

தாமதமாக வந்திருக்கிறேன். செவ்வந்தியின் மனத்தாங்கலுக்கு, படத்தை எடுத்தவர்கள் யார் என்று கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன்.

காதார் யூதர். 1918-இல் புடாபெஸ்டில் பிறந்து, ஸ்லோவாக்கியாவில் வளர்ந்தவர். அவருடைய பெற்றோரும் சகோதரியும் ஆஷ்விட்ஸில் இறந்தார்கள். அவர் கட்டாய உழைப்பு முகாமில் இருந்தார். மூலக்கதை எழுதிய லடிஸ்லவ் க்ராஸ்மனும் யூதர்தான், ஹுமென்னே என்ற கிழக்கு ஸ்லோவாக் ஊரில் பிறந்தவர். படத்தை எடுத்தது சபினோவ் என்ற ஊரில், அதுவும் கிழக்கே இருக்கும் நிஜமான சிற்றூர்தான். இந்தப் படம் எடுக்கும்போது கொல்லப்பட்ட யூதர்கள் ஆறு மில்லியன் என்ற எண்ணிக்கை தன் மனதில் இல்லை, தன் அப்பாவும் நண்பர்களின் அப்பா அம்மாக்களும்தான் இருந்தார்கள் என்ற பொருளில் காதார் பின்னாளில் எழுதினார். ஆக, பாட்டியை அன்பானவளாக ஆக்கியது பார்வையாளரை அழவைக்கும் உத்தி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு நினைவில் இருந்தவர்கள் அப்படி இருந்திருக்கலாம்.

பிறகு கமின்ஸ்கா. போலந்தின் வார்சாவில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷ் நாடக மேடையில் வளர்ந்தவர். அம்மா எஸ்தர் ராஹெல் கமின்ஸ்கா அந்த மேடையின் பேரரசி. மகள் போர்க்காலத்தைச் சோவியத் ஒன்றியத்தில் கழித்துப் பிழைத்தார். திரும்பி வந்தபோது அவருடைய பார்வையாளர்கள் இல்லை. இத்திஷ் பேசிய வார்சா என்ற நகரமே போய்விட்டது. அப்படிப்பட்டவர், ஒன்றும் தெரியாத ஒரு கிழவியாக நடிக்கிறார். அவர் முகத்தைப் பார்க்கும்போது இது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

படம் 1966-இல் சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. செக்கோஸ்லோவாகியாவுக்கு அதுதான் முதல் ஆஸ்கர். அடுத்த ஆண்டு சிறந்த நடிகைக்கான போட்டியில் கமின்ஸ்கா பெயரும் இருந்தது. ஆனால் 1968 வந்தது. போலந்தில் அரசே முன்னின்று நடத்திய யூத எதிர்ப்புப் பிரசாரத்தில் கமின்ஸ்கா நாட்டைவிட்டு வெளியேறினார். சோவியத் படை செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்ததும் காதார் அமெரிக்காவுக்குப் போனார், க்ராஸ்மன் இஸ்ரேலுக்கு. போர் முடிந்து 23 ஆண்டுக்குப் பிறகும் இந்தப் படத்தின் ஆட்களுக்கு ஊர் நிலைக்கவில்லை.


செவ்வந்தி:

இரவுக்காட்சி, கமின்ஸ்காவைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரியாது. அம்மாவின் மேடை, இல்லாமல்போன பார்வையாளர்கள்... படித்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. காதாரின் அப்பா அம்மா பற்றியும்தான்.

என் கேள்வி அதனால் போய்விடவில்லை. ஆனால் கொஞ்சம் இடம் மாறியிருக்கிறது. நேற்று அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மறுபடி பார்த்தேன். சகலையும் ஆட்களும் கடைப்பக்கம் வருவதைப் பார்த்ததும் டோனோ கிழவியைப் பிடித்து உள்ளறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறான். காப்பாற்றத்தான் தள்ளுகிறான். அந்தத் தள்ளலில்தான் விழுந்து சாகிறாள். முதல் முறை அதை விபத்து என்று எடுத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று காலை முழுக்க அவன் அவளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டே இருக்கிறான், வெளியே ஒரு தடவை, உள்ளே ஒரு தடவை. எந்தத் தள்ளலிலும் அவளைக் கேட்கவே இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று ஒரே ஒரு முறை யாராவது அவளிடம் கேட்டார்களா? குச்சார் கேட்கவில்லை, சமூகப் பெரியவர்கள் கேட்கவில்லை, அவளுக்குத் தெரியாமலே எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். நல்லது நினைத்துத்தான் செய்தார்கள்.

அவளுக்குக் காது கேட்காது என்று சொல்லிக்கொண்டு யாரும் அவளோடு பேசவில்லை. படம் இதை உணர்ந்தே எடுத்திருக்கிறது என்று இப்போது பாதி நம்புகிறேன்.


ஊர்க்குருவி:

அக்கா, இது எனக்குப் படவே இல்லை.

அப்படியென்றால் அந்தக் கடைசிக் கனவு? டோனோ தூக்கில் தொங்கிய பிறகு, கதவு திறந்து, இருவரும் நல்ல உடை போட்டுக்கொண்டு வெயிலில் ஆடிக்கொண்டு வருகிறார்களே. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. ஆனால் நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு, அந்த ஆறுதலை அவனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்கத் தோன்றுகிறது.


நிழல்வண்ணன்:

எனக்கும் அந்தக் கனவில் உறுத்தல் உண்டு. கொன்றவனும் கொல்லப்பட்டவளும் கைகோத்துக்கொண்டு ஆடுவது பார்க்க அழகுதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் மன்னிப்பு மாதிரி ஏதோ இருக்கிறது. மன்னிக்க வேண்டியவள் உள்ளறையில் கிடக்கிறாள். படம் இரண்டு நிமிடம் முன்னால் முடிந்திருக்கலாம் என்பது என் கருத்து.


இரவுக்காட்சி:

இதில் நான் மாறுபடுகிறேன் நிழல்வண்ணன். படத்தின் அசல் பெயரைப் பாருங்கள், ‘ஒப்ஹொத் நா கொர்ஸே’. கொர்ஸோ என்றால் வெறும் மெயின் ரோடு கிடையாது. அந்த நாட்டு ஊர்களில் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எல்லாரும் நல்ல துணி உடுத்திக்கொண்டு, மேலும் கீழும் நடந்து, ஒருவருக்கொருவர் தொப்பி தூக்கி வணக்கம் சொல்கிற தெரு அது. வாத்தியக் குழு வாசிக்கும். ஆங்கிலத் தலைப்பில் அந்த நடை முழுக்கத் தொலைந்துவிட்டது.

படம் ஆரம்பிப்பதே அந்த நடையில்தான். பித்தளை வாத்தியம் வாசிக்க, ஊரே உலாவுகிறது. அதே தெருவில்தான் பின்னால் பெயர் வாசிக்கிறார்கள். கடைசிக் கனவில் ஸ்டெனெக் லிஷ்காவின் இசை மறுபடி அந்த வாத்தியத்துக்குத் திரும்புகிறது, இவர்கள் இருவரும் கொர்ஸோவுக்கு வருகிறார்கள். எனக்கு அது மன்னிப்பாகப் படவில்லை. ஒரு கிழவி ஞாயிற்றுக்கிழமை நல்ல உடையில் தன் ஊர்த் தெருவில் நடக்கலாம் என்ற, முன்பு யாரும் கவனிக்காத ஒரு சாதாரண விஷயம். அது இப்போது கனவில் மட்டும்தான் நடக்க முடியும்.


தச்சுப்பட்டறை:

அந்தக் கனவில் இன்னொன்று. டோனோ போட்டிருப்பது கிழவியின் கணவருடைய உடை மாதிரி இருக்கிறது. கனவிலும் அவனுக்குச் சொந்தமாக நல்ல கோட்டு இல்லை.


செவ்வந்தி:

ஐயா, நீங்கள் சினிமா பற்றிப் பேச வராது என்று இனி எழுதாதீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்க்கப் போகிறேன். அம்மாவுக்கும் இப்போது காது மந்தம். சப்டைட்டிலை நான் வாசித்துச் சொல்ல வேண்டும், சத்தமாக. பார்த்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.